வாய்தாவைக் கேட்டு வாங்கலாம்

ரப்பர் மரத்தில் விடியும் முன் கத்தி வைத்தால்தான் பால் நன்றாக வடியும். திற்பரப்புப் பக்கம் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண், நாகர்கோவில் குடும்ப நல நீதிமன்றத்தில் காலை பத்தரைக்கு டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நிற்க வேண்டுமானால், குலசேகரம், தக்கலை வழியாகப் பஸ் பிடிக்க வேண்டும். அன்றைய வெட்டும் போச்சு, கூலியும் போச்சு. அப்படிப் போயும், "எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சார்வாகவில்லை, அடுத்த மாதம் வாங்க" என்ற பதிலோடு திரும்ப நேர்வது கொடுமை.

மனு தாக்கல் ஆனதுமே விசாரணை வந்துவிடாது. குறை இருந்தால் ரிட்டர்ன் போடுவார்கள். சரிசெய்து கொடுத்த பிறகே நம்பர் ஆகும். இந்துக்களின் விவாகரத்து ஹெச்.எம்.ஓ.பி., ஜீவனாம்சம் எம்.சி. என்று தனித்தனி வரிசை. பிறகு நோட்டீஸ், கவுன்சலிங். சமரசத்துக்கு முதலில் முயல வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் விதித்த கடமை. அடுத்த வாய்தாவை வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றில்லை. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் தேதி தெரியும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. வாய்தா தூரத்தில் விழுந்திருந்தால், வழக்கை முன்கூட்டியே எடுக்கச் சொல்லி அட்வான்ஸ் மனு போடலாம். கணவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது போன்ற காரணத்தை ஆதாரத்தோடு எழுதி, எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில். ஆனால் கேட்காத மனுவுக்கு உத்தரவு வராது.

கேட்பதற்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின்படி, இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள்ளும், மூல வழக்கை ஆறு மாதத்துக்குள்ளும் முடிக்கக் கூடியவரை முயல வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தாமதத்துக்குப் பயந்து குறைந்த தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இந்த விவரங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் நீதிமன்ற வாசலில் ஒட்டலாம். காலையா, மதியமா என்று வாய்தாவோடு நேரத்தையும் குறித்துக் கொடுத்தால், அந்தப் பெண் பாதி வெட்டையாவது முடித்துவிட்டு பஸ் ஏறுவாள்.