ஏற்காட்டு மலை சேலத்துக்கு வேவு பார்க்கிறதே, தெரியுமா?

அடிவாரத்தில் துண்டால் வியர்வையைத் துடைத்தவர், ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியதும் அதே துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறாரே, ஏன் தெரியுமா? 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும்! சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடோ 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கணக்குப் போட்டால் மொத்தம் 8 டிகிரி, வளைவுக்கு 0.4 டிகிரி! ஏ.சி. ரிமோட்டில்கூட இவ்வளவு நுணுக்கமாகக் குறைக்க முடியாது!

"சேலத்தில் வெயில் சதம்" என்று செய்தியில் வருகிறதே, அது வெயிலில் எடுத்த அளவே இல்லை! காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில் எடுப்பது! அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' கதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா! தார் ரோட்டில் நிற்கும் உங்களுக்கு அந்த அளவைவிட அதிகமாகவே சுடும்!

தமிழ்நாட்டில் வெப்ப அலையும் ஒரு பேரிடர்தான் என்று அரசே அறிவித்துவிட்டது, தெரியுமா? 2024 அக்டோபரில்!

மழைக்கு நாள் எப்போது பிறக்கிறது? நள்ளிரவிலா? இல்லவே இல்லை! காலை 8.30 மணிக்கு! முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததுதான் வானிலைத் துறைக்கு 'ஒரு நாள் மழை'!

தானியங்கி மழைமானிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? சீசா பலகை மாதிரி ஒரு குட்டிக் கரண்டி! மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மழை விழுந்ததும் 'டக்'கென்று சாயும், ஒன்று என்று எண்ணும், மறுபக்கம் நிரம்பும்! தமிழ்நாடு முழுக்க இப்படி 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் வைக்கத் திட்டம் போட்டது மாநில அரசு. பக்கத்துத் தெருவில் பெய்யும் மழை நம் தெருவில் பெய்யாத ஊரில் 1,400-ம் போதுமா என்பது என் சந்தேகம்!

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு? சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்! சின்ன அளவாகத் தெரிகிறதா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது! அங்கே 1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் மட்டும் 46,000 லிட்டர் விழுந்திருக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட நான்கு! ஏற்காட்டிலும் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது!

அந்த நீரெல்லாம் எங்கே போகும்? கீழேதான்! சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் போகும் சரபங்காவும் பிறப்பது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில்தான்! மேலே கருவி 'டக் டக்' என்றால், கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உஷாராகலாம்!

இப்போது பெரிய ஆச்சரியம்! டாப்ளர் ரேடார் வைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று ஏற்காடு! (இன்னொன்று ராமநாதபுரம்.) ஏன், சென்னை ரேடார் போதாதா? போதாது! பூமி உருண்டையாயிற்றே! அரை டிகிரி மேல்நோக்கிச் சென்னையிலிருந்து கிளம்பும் அலை, சுமார் 280 கிலோமீட்டர் தாண்டிச் சேலம் வருவதற்குள் தரையிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும்! அதற்குக் கீழே மேகம் என்ன கூத்தடித்தாலும் அதன் கண்ணில் படாது! ஏற்காட்டில் நின்று பார்த்தால்? அலை 150 கிலோமீட்டர் போய், மழைத்துளியில் மோதி, திரும்பி வர எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! துளி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதையும் சொல்லிவிடும்!

பிரியாணியில் போடும் கல்பாசியும் காற்றைக் கண்காணிக்கும் ஒரு கருவிதான், தெரியுமா? அது லைக்கன் இனம். வேரே கிடையாது! காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உறிஞ்சும். கந்தகப் புகை பட்டால் பல லைக்கன்கள் செத்துப்போகும்! பாரிஸ் நகரத்து மரங்களிலிருந்து லைக்கன்கள் காணாமல் போவதை 1866-லேயே லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் கவனித்துவிட்டார். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்!

ஏற்காட்டுக் காப்பிச் செடியும் ஒரு மழைமானி! மார்ச், ஏப்ரலில் ஒரு அங்குலம் நல்ல மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாளில் தோட்டமே வெள்ளை வெளேரென்று பூக்கும்! மழை ஏய்த்தால் பூவும் ஏய்க்கும்! அதனால்தான் காப்பித் தோட்டக்காரர்கள் மழைக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பதில் கில்லாடிகள்!

கடைசியாக ஒன்று. ரேடாரில் தெரிவதெல்லாம் மழையா? 2019 ஜூனில் கலிஃபோர்னியா ரேடாரில் 80 மைல் அகலத்துக்கு ஒரு 'மேகம்' தெரிந்தது. ஆனால் ஒரு சொட்டு மழை இல்லை! அது என்ன தெரியுமா? பறந்துபோன பொறிவண்டுக் கூட்டம் என்றார்கள் அங்குள்ள வானிலை ஆய்வாளர்கள்! சேர்வராயன் மலை ரேடாரில் என்னென்ன சிக்கப்போகிறதோ!