ஃப்ரீட்ரிக் குல்டா: எழுதிய இசையும் எழுதாத இசையும்

மேற்கத்திய செவ்வியல் இசையில் பியானோக் கலைஞர் என்பவர், பிறர் எழுதிவைத்த இசையை ஒரு சுரமும் கூடாமல் குறையாமல் மேடையில் உயிர்பெறச் செய்பவர் என்ற கருத்தே இன்று பரவலாக நிலவுகிறது. இந்தக் கருத்து பழமையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்து ரசிகர்கள் மொத்சார்ட்டையும் பீத்தோவனையும் இசையமைப்பாளர்களாக மட்டும் போற்றவில்லை. ஏதேனும் ஒரு மெட்டைக் கொடுத்தால் அதை அந்தக் கணமே பலவாறு வளர்த்து வாசிக்கும் ஆற்றலுக்காகவும் அவர்களைப் போற்றினார்கள். இம்ப்ரவைசேஷன் என்று மேற்கில் வழங்கும் இந்தக் கலையை, ஆலாபனையும் கற்பனாசுரமும் கேட்டுப் பழகிய தமிழ் வாசகர்கள் மனோதர்மம் என்ற சொல்லாலேயே விளங்கிக்கொள்ளலாம். அந்த மனோதர்மம் செவ்வியல் பியானோவிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்த இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அதைத் தேடி ஜாஸ் இசைக்கும், அங்கிருந்து எந்த வரம்பும் இல்லாத கட்டற்ற மனோதர்மத்துக்கும் சென்று, மீண்டும் மொத்சார்ட்டிடமே திரும்பி வந்தவர் ஆஸ்திரியப் பியானோக் கலைஞர் ஃப்ரீட்ரிக் குல்டா.

அவர் தேடியது எது என்பதை அறிய, பழைய இசைத்தாள்களைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மொத்சார்ட்டின் படைப்புகள் அவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்திய கோஹெல் என்பவரின் பெயரால் எண்ணிடப்படுகின்றன. அவற்றுள் 537ஆம் எண்ணுள்ள பியானோ கன்செர்ட்டோவின், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவும் தனிக்கலைஞரும் சேர்ந்து வாசிக்கும் நெடும் படைப்பின், மூலக் கையெழுத்துப் பிரதியில் இடது கைக்குரிய வரி பல இடங்களில் வெற்றாகவே விடப்பட்டிருக்கிறது. தாமே வாசிக்கப்போகும் இசையில் இடது கை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதிவைக்கும் தேவை மொத்சார்ட்டுக்கு இல்லை. கன்செர்ட்டோவின் ஒரு பகுதி முடியும் தறுவாயில் ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிட, தனிக்கலைஞர் மட்டும் தம் கற்பனையைக் காட்டும் கடென்சா என்னும் இடமும் தொடக்கத்தில் மனோதர்மத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதுதான். பாகின் மகனாகிய கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக், ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது முதல்முறை வாசித்தபடியே வாசிப்பது முறையன்று என்ற எண்ணத்துடன், அப்படி மாற்றி வாசிப்பதற்கு வழிகாட்டும் சொனாட்டாக்கள் என்னும் தனிவாத்தியப் படைப்புகளை 1760இல் அச்சிட்டே வெளியிட்டார். பின்னர் இசையமைப்பாளர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. அச்சுத்தாளுக்கு வேதவாக்கின் மதிப்பு ஏறியது. கடென்சாக்கள்கூட எழுதி மனப்பாடம் செய்யப்படுபவை ஆயின.

குல்டா 1930 மே 16 அன்று வியன்னாவில் பிறந்தார். வியன்னா இசைக்கழகத்தில் புரூனோ சைட்ல்ஹோஃபரிடம் பியானோவும் யோசஃப் மார்க்ஸிடம் இசைக் கோட்பாடும் கற்று, 1946இல், பதினாறு வயதில், ஜெனீவா சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். 1950இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறினார். 1953இல் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முழுத்தொடராக மேடையில் வாசித்தார். இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் இதைச் செய்தது அக்காலத்தில் பெரிய செய்தி. தமக்கெனக் காத்திருந்த பாதையில் அப்படியே நடந்திருந்தால், வியன்னா மரபின் அடுத்த பெரும் பிரதிநிதி என்ற இடம் எவ்விதச் சச்சரவுமின்றி அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஆசிரியராகவும் அவர் அந்த வயதிலேயே வழக்கத்திலிருந்து விலகியவர். அர்ஜென்டினாவிலிருந்து பதின்வயதில் வியன்னாவுக்கு வந்த பியானோ மாணவி மார்த்தா ஆர்கெரிச் அவரிடம் ஒன்றரை ஆண்டளவு பயின்றபோது, மாணவியின் வாசிப்பை ஒலிநாடாவில் பதிவுசெய்து, அதை அவரையே கேட்கச் செய்து, குறைநிறைகளை அவர் வாயாலேயே சொல்லவைத்தார் குல்டா. ஆசிரியர் சொல்ல மாணவர் அடிபணிவது என்னும் முறை வேரூன்றியிருந்த ஒரு நகரத்தில், தன் காதையே குருவாகக் கொள்ளும்படி ஒரு சிறுமியைப் பழக்கிய இந்தச் செயலில், அவர் பிற்காலத்தில் சென்ற பாதையின் விதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நாஜிகள் இழிந்த இசை என்று ஒதுக்கிய ஜாஸ், போருக்குப் பிந்திய வியன்னாவின் இளம் இசைக்கலைஞர்களுக்கு விடுதலையின் ஒலியாகவே கேட்டது. குல்டாவின் நண்பரும் பின்னாளில் அமெரிக்க ஜாஸின் முன்னணிக் கலைஞருமான ஜோ சாவினுலும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே. 1956இல் குல்டா நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் மன்றத்தில், ஃபில் வுட்ஸ் உள்ளிட்ட அமெரிக்கக் கலைஞர்கள் அறுவருடன் மேடையேறினார். அந்தக் கச்சேரி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அதே ஆண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் வாசித்தார். பேர்ட் என்ற செல்லப்பெயர் கொண்ட சாக்சஃபோன் மேதை சார்லி பார்க்கரை ஒட்டிப் பெயர் சூட்டப்பட்ட அந்த மன்றத்தில் ஓர் ஆஸ்திரியச் செவ்வியல் கலைஞர் வாசிப்பது எளிய காரியம் அன்று.

அதில் உள்ள கடினம் விரல்வேகத்தைப் பற்றியதன்று. ஜாஸில் கலைஞர் முன் இருப்பது பெரும்பாலும் ஒரு மெட்டும் அதனடியில் வரிசையாகச் செல்லும் கார்டுகளின் பெயர்களும் மட்டுமே. கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு. பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு தாள ஆவர்த்தங்கள் கொண்ட அந்தச் சட்டகம் திரும்பத் திரும்பச் சுழல, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது அதன்மேல் புதிய மெட்டை அங்கேயே கட்டுகிறார்கள். அதைவிடவும் நுட்பமானது ஸ்விங் என்னும் நடை: தாளில் சமமாக எழுதப்படும் இரண்டு குறுஞ்சுரங்களில் முன்னது சற்று நீண்டும் பின்னது சற்றுக் குறுகியும் ஒலிக்க, அழுத்தம் எதிர்பாராத பக்கம் விழுகிறது. எவ்வளவு நீட்சி, எவ்வளவு குறுக்கம் என்பதற்கு அளவுகோல் இல்லை. கேட்டுக் கேட்டே உடலில் ஏற வேண்டும். சமமான சுரங்களைச் சமமாக வாசிக்கப் பத்தாண்டுகள் பயின்ற கைகள் அந்தப் பயிற்சியையே மறக்க வேண்டியிருக்கிறது. பேர்ட்லேண்ட் பதிவை இன்று கேட்டால், அமைப்பும் தெளிவும் மேலோங்கி நிற்பதையும், பட் பவல் போன்ற ஜாஸ் பியானோக் கலைஞர்களின் வாசிப்பில் நெருப்பாக எரியும் துணிவு அந்த அளவுக்கு எழாததையும் உணரலாம். ஜாஸ் பியானோவின் வரலாற்றில் குல்டாவுக்கு முதல் வரிசையில் இடம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. ஜாஸ் அவருக்குத் தந்தது வேறொன்று.

அது எது என்பதை 1967இல் அமதேயோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த பீத்தோவன் சொனாட்டாக்களில் கேட்கலாம். உருக்கத்துக்காக வேகத்தை இழுத்துப் பிடித்து நெகிழ்த்தும் வழக்கத்தை விட்டு, தாளம் ஒரு தண்டவாளம்போல் அடியில் ஓட, அதன்மேல் சொற்றொடர்கள் துள்ளிச் செல்லும்படி வாசித்திருக்கிறார். ஜாஸ் டிரம்ஸ் கலைஞரோடு வாசித்துப் பழகிய ஒருவரிடமே இந்தத் தாளக்கட்டு அமையும். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வியன்னாவில் ஏற்பாடு செய்த நவீன ஜாஸ் போட்டியில் சாவினுல் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்தார். செக்கோஸ்லோவாக்கிய இளைஞர் மிரோஸ்லாவ் விட்டூஷ் பாஸ் வாத்தியத்தில் பரிசு வென்றார். 1970இல் வெதர் ரிப்போர்ட் என்னும் புகழ்பெற்ற குழுவை சாக்சஃபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டருடன் சேர்ந்து தொடங்கியவர்கள் இந்த இருவரே. வியன்னா இசைக்கழகம் தமக்கு வழங்கிய பீத்தோவன் மோதிரத்தை, கழகத்தின் கற்பிக்கும் முறையைக் கண்டித்துக் குல்டா திருப்பிக்கொடுத்ததும் இந்தக் காலத்தை ஒட்டியே.

ஜாஸிலும் சட்டகம் உண்டு என்பது அவரை அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது. அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் 1961இல் ஃப்ரீ ஜாஸ் என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டை வெளியிட்டிருந்தார். லண்டனில் டெரெக் பெய்லியும், ஜெர்மனியில் பீட்டர் ப்ராட்ஸ்மனும் கார்டு வரிசையையும் நிலையான தாளத்தையும் விட்டு வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மெட்டு, சுருதி, காலம் எதையும் முன்கூட்டி முடிவுசெய்யாமல், உடன் வாசிப்பவர் எழுப்பும் ஒலிக்கு அந்த நொடியே மறுமொழி சொல்வதே கட்டற்ற மனோதர்மம். இதில் தவறான சுரம் என்று ஒன்று கிடையாது என்பதாலேயே, ஒவ்வொரு சுரத்துக்கும் வாசிப்பவரே முழுப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. சாய்ந்துகொள்ள இசையமைப்பாளரும் இல்லை, இலக்கணமும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பால் ஃபுக்ஸ், லிம்பே ஃபுக்ஸ் என்ற தம்பதியரின் அனிமா குழுவோடு குல்டா இவ்வகையில் வாசித்தார். பால் ஃபுக்ஸ் ஒரு சிற்பி. தாமே உருவாக்கிய ஊதுகருவிகளையும் தந்திக்கருவிகளையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்த மேடைகளில் குல்டா, உலகப் புகழ் பெற்றிருந்த தம் பியானோ வித்தைகளை ஒதுக்கிவைத்து, குழலும் பாரிட்டோன் சாக்சஃபோனும் ஊதினார். விரல்கள் பழக்கத்தால் தாமாக ஓடும் வாத்தியத்தில் புதிதாகக் கேட்பது கடினம் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் ஒசியாஹ் ஏரிக்கரையின் பழைய மடாலயத்தில் 1968இல் அவர் தொடங்கிய இசைக்கூடமும் விழாவும் எல்லா இசைவகைகளையும் ஒரே கூரைக்குள் அழைத்தன. 1971இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர்கூட அங்கே வாசித்தார்கள்.

இந்தத் தேடலில் அவர் கையில் எடுத்த கிளாவிகார்டு என்னும் பழைய வாத்தியத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். பியானோவுக்கு முந்திய இந்தச் சிறிய பெட்டியில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு உலோகத் தகடு தந்தியைத் தொட்டு, விரல் எடுக்கப்படும்வரை அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிவிடுவதால், ஒலித்த சுரத்தின்மேல் விரலுக்கு அதிகாரம் இல்லை. கிளாவிகார்டிலோ அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, கமகத்தில் அசைவதுபோல் சுரத்தைச் சற்றே அசைக்க முடிகிறது. அடுத்த அறையில் கேட்காத அளவுக்கு மெல்லிய அதன் ஒலியைக் குல்டா ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கொண்டு அரங்கத்துக்கு எடுத்துவந்து, பாகையும் மனோதர்மத்தையும் அதில் வாசித்தார்.

இந்த ஆண்டுகளில் செவ்வியல் ரசிகர்களில் பலர் அவரைக் கைவிட்டார்கள். பத்திரிகைகள் அவருடைய பின்னல் குல்லாயையும் மேடை நடத்தையையும் பற்றி எழுதிய அளவுக்கு வாசிப்பைப் பற்றி எழுதவில்லை. அந்த நட்டம் ரசிகர்களுடையது. 1982இல் மியூனிக்கில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிக் கொரியாவும் அவரும் இரு பியானோக்களில் நிகழ்த்திய சந்திப்பு, எந்தக் கரையிலிருந்து யார் வந்தார் என்று பிரித்தறிய முடியாத நீண்ட உரையாடல். கட்டற்ற ஒலிகளில் தொடங்கிய பயணம் பிராம்ஸின் தாலாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு இருவரும் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட்டின் நடத்துகையில் மொத்சார்ட்டின் இரு பியானோ கன்செர்ட்டோவைப் பதிவுசெய்தார்கள். கொரியா பின்னர் 1996இல் பாடகர் பாபி மெக்ஃபெரினுடன் மொத்சார்ட் கன்செர்ட்டோக்களைத் தம் சொந்த மனோதர்மத்தோடு வெளியிட்டார்.

குல்டாவின் சொந்தப் படைப்புகளில் நிலைத்து நிற்பது, ஹைன்ரிஹ் ஷிஃப் என்ற செல்லோக் கலைஞருக்காக 1980இல் எழுதிய கன்செர்ட்டோ. வயலின்கள் ஒன்றுமின்றி, ஊதுகருவிகள், கிட்டார், பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றின் நடுவே ஒற்றைச் செல்லோ ஒலிக்கிறது. ராக் தாளத்தில் பாய்ந்து தொடங்கும் அது, ஆல்ப்ஸ் மலையூர்ப் பாடல் போன்ற அமைதிக்குச் சென்று, மினுவே நடனத்தைக் கடந்து, கிராமத்துப் பேண்டு வாத்திய அணிவகுப்பில் முடிகிறது. நடுவில் உள்ள மூன்றாம் பகுதி முழுவதும் கடென்சா. அதில் இரண்டு இடங்களைக் குல்டா எழுதவே இல்லை. அவற்றைச் செல்லோக் கலைஞர் அந்த மேடையிலேயே தாமே படைக்க வேண்டும். மனப்பாடத்தில் வளர்ந்த கலைஞர்கள் நடுங்கும் இடம் அது; இருநூறு ஆண்டுகளுக்கு முன் வழக்கமாக இருந்ததை அவர்கள் கையில் அவர் திருப்பித் தந்திருக்கிறார்.

மொத்சார்ட்டின் பிறந்தநாளில் இறக்க விரும்பிய குல்டா, 2000ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று, அதே நாளில், மாரடைப்பால் காலமானார்.

அவரை இதுவரை கேட்டிராத வாசகர்கள், பியானோ பயிலும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கும் மொத்சார்ட்டின் 545ஆம் எண் சொனாட்டாவை அவர் வாசித்த பதிவிலிருந்து தொடங்கலாம். முதல் பகுதியை அவர் எழுதப்பட்டபடி எளிமையாகவே வாசிக்கிறார். அது திரும்ப வரும்போது, இடைவெளிகளில் சிறு சுரங்கள் நுழைகின்றன, நீண்ட சுரங்கள் அசைவுகளாக உடைகின்றன, தெரிந்த மெட்டு தெரிந்ததாகவே இருந்துகொண்டு புதிதாகிறது. அந்த இரண்டாம் முறையைக் காதைத் தீட்டிக் கேளுங்கள்.