ஹெட்போனில் சத்தம் கூடினால் ஆர்ஜே-வின் குரல் ஏன் மாறுது?

எந்த எஃப்எம் ஸ்டூடியோ ரீல்ஸைப் பார்த்தாலும் பேசுபவர் தலையில் பெரிய ஹெட்போன் இருக்கும். அறையில் அவர் தனியாகத்தான் இருப்பார். பிறகு எதற்கு ஹெட்போன்? ஸ்டைலுக்கு இல்லை. மைக்கை ஆன் செய்ததுமே ஸ்டூடியோ ஸ்பீக்கர் தானாக மியூட் ஆகிவிடும். ஆகாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கரில் வந்து 'கீ...' என்று அலறும். கல்யாண மண்டப மைக் செட்டில் கேட்டிருப்பீங்களே, அதேதான். ஆக, பாட்டு, லைனில் இருக்கும் நேயர், தயாரிப்பாளர் சொல்லும் குறிப்பு, தன்னோட சொந்தக் குரல் என எல்லாமே ஆர்ஜே-வுக்கு ஹெட்போன் வழியாகத்தான் வந்தாகணும்.

இங்கேதான் சிக்கல். ஹெட்போன் லெவலை எப்படி வைக்கிறோமோ, அதற்கேற்ப நாம் பேசும் விதமே மாறிவிடும்.

சத்தம் கூடினால் கத்துவோம்

பஸ் ஸ்டாண்டில் போன் பேசும்போது நம்மையறியாமல் கத்துவோம் இல்லையா? இதற்கு 'லொம்பார்ட் விளைவு' என்று பெயர். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது-தொண்டை மருத்துவர் இதைப் பற்றி 1911-ல் எழுதினார். காது கேட்கவில்லை என்று நடிப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் இது பயன்பட்டது. காதில் இரைச்சலைக் கொடுத்ததும் ஒருவர் குரலை உயர்த்தினால், அவருக்குக் காது கேட்கிறது என்றுதானே அர்த்தம்!

ஹெட்போனில் பாட்டு அதிகமாக இருந்தால் ஆர்ஜே-வுக்கும் இதேதான் நடக்கும். பின்னணி இசைக்கு மேலே ஏறிப் பேசப் பார்ப்பார். தொண்டை இறுகும், சுருதி ஏறும். கேட்பவருக்கு அது உற்சாகமாகத் தெரியாது, பதற்றமாகத்தான் தெரியும்.

சொந்தக் குரலை ஏற்றி வைத்தால் எல்லாம் தலைகீழ். 'நான் சத்தமா பேசுறேன் போல' என்று மூளை நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திவிடும். இரவு நிகழ்ச்சியின் கிசுகிசுப்பான குரலுக்கு இது வசதி. ஆனால் காலை ஷோவில் வார்த்தைகளின் கடைசி எழுத்துகள் எல்லாம் காற்றில் கரைந்துபோகும்.

அதனால் 'எனக்குக் கேட்கலை, இன்னும் கூட்டுங்க' என்று ஒருவர் சொல்லும்போது, மொத்த வால்யூமைக் கூட்டுவது பெரும்பாலும் தவறான பதில். குரலுக்கும் இசைக்கும் இடையே உள்ள அளவைத்தான் முதலில் பார்க்கணும். பாட்டைக் கொஞ்சம் இறக்கினாலே குரல் தெளிவாகக் கேட்கும்.

குமிழைத் திருகும் முன்

புதிதாக வருபவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. ஹெட்போன் குமிழை எவ்வளவு திருகினாலும் நேயர்களுக்குப் போகும் அளவு மாறாது. அதை மீட்டரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். முதலில் நிகழ்ச்சியில் பேசப்போகும் அதே தொனியில் பேசவைத்து மைக் லெவலை செட் செய்ய வேண்டும். ஹெட்போன் அதற்குப் பிறகுதான். பூஜ்ஜியத்தில் ஆரம்பித்து, சொற்கள் சிரமமில்லாமல் புரியும் இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பல ஆர்ஜே-க்கள் ஒரு காதை மட்டும் மூடிக்கொள்வார்கள். தன் குரலை இயல்பாகக் கேட்க இது உதவும், உண்மைதான். ஆனால் இரண்டு காதிலும் கேட்கும்போது மூளைக்குச் சத்தம் கூடுதலாகத் தெரியும். ஒரு காதில் மட்டும் கேட்பவர், அந்தக் குறையை ஈடுகட்ட அதே காதுக்கு வால்யூமை ஏற்றிவிடுவார். பல வருஷம் அடி வாங்குவது எப்போதும் அந்த ஒரு காதுதான்.

தாமதம் இன்னொரு தொல்லை. நம் குரல் சுமார் 200 மில்லி செகண்ட் தாமதமாகத் திரும்பக் கேட்டால் நாக்கு குழறும், வார்த்தை இழுபடும். ப்ளூடூத் ஹெட்போனில் பொதுவாக 100 முதல் 300 மில்லி செகண்ட் வரை தாமதம் இருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் இன்னும் ஒயர் ஹெட்போனை விடாததற்கு இது முக்கியக் காரணம். நீங்கள் பாட்காஸ்ட் ஆரம்பித்திருந்தாலும் ஒயர் ஹெட்போனே போதும்.

நாலு மணி நேர ஷோ, நாலு டெசிபல்

அமெரிக்காவின் 'நியோஷ்' அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவு, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்! நாலு மணி நேர ஷோவை 88-ல் செய்பவர் அன்றைய கோட்டாவை முழுசாக முடித்துவிட்டார். 92-ல் வைத்தால் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே எல்லை தாண்டியாச்சு. காதில் அந்த நாலு டெசிபல் பெரிய வித்தியாசமாகவே தெரியாது.

அதைவிட மோசம், சத்தத்தில் களைத்த காது தற்காலிகமாக மந்தமாகும். ஷோ ஆரம்பத்தில் போதுமாக இருந்த லெவல் மூணாவது மணி நேரத்தில் குறைவாகத் தோணும். குமிழ் இன்னும் கொஞ்சம் ஏறும். இதைக் கவனிக்க எளிய வழி, ஆரம்பத்தில் குமிழ் இருந்த இடத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டிவைப்பது. ஷோ முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டாலோ, எதிரில் பேசுபவர் பஞ்சுக்குப் பின்னாலிருந்து பேசுவதுபோல இருந்தாலோ, லெவல் அதிகம் என்று அர்த்தம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டர் உள்ள ஹெட்போன்களும் ஒலிபரப்புத் துறைக்கென்றே கிடைக்கின்றன. கேட்டு வாங்கவேண்டியது நிறுவனத்திடம்தான். தன் காசில் வாங்கு என்று ஆர்ஜே-விடம் சொல்வது நியாயமில்லை.

ஜூம் காலிலும் இதே கதை

காதை முழுசாக மூடும் ஹெட்செட்டில் நம் குரல் நமக்கே மங்கலாகக் கேட்கும். அதனால்தான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மீட்டிங்கில் பக்கத்து ஃபிளாட் வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுகிறார். பழைய லேண்ட்லைன் போனில் நம் குரலைக் கொஞ்சமாக நம் காதுக்கே திருப்பி அனுப்புவார்கள். அதற்கு 'சைடுடோன்' என்று பெயர். சில ஹெட்செட் ஆப்களில் இந்த செட்டிங் இப்போதும் இருக்கிறது. ஆன் செய்து, குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள்.

ஹெட்போனைப் பகிரும் ஸ்டூடியோ என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து எழும்போது குமிழைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டுப் போங்கள். அடுத்து வருபவர் காதில் மாட்டிய பிறகுதான் நீங்கள் எந்த லெவலில் விட்டுப் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியவரும்.