நட்சத்திரத்தைத் துரத்தும் தொலைநோக்கி



திருவிழாவில் குடை ராட்டினம் ஏறியிருப்பீர்கள். அது சுழலும்போது, கீழே நிற்கும் அம்மாவின் முகத்தையே பார்க்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? ராட்டினம் ஒரு பக்கம் சுற்ற, நீங்கள் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள், இல்லையா? பெரிய தொலைநோக்கிகளும் இரவு முழுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

நாம் எல்லோரும் ஏறியிருக்கும் ராட்டினம் நமது பூமி! அது மேற்கிலிருந்து கிழக்காக, மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது. அதனால்தான் நட்சத்திரங்கள் கிழக்கே தோன்றி மேற்கே நகர்வதுபோல் நமக்குத் தெரிகின்றன.

மங்கலான நட்சத்திரத்தைப் படம் எடுக்க, பல நிமிடங்கள் அதன் ஒளியைச் சேர்க்க வேண்டும். தொலைநோக்கி அசையாமல் நின்றால், படத்தில் புள்ளிக்குப் பதில் கோடுதான் விழும்!

இதற்கு என்ன வழி? வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குப் போவோம். அங்கே 1986 முதல் இயங்குகிறது வைணு பாப்பு தொலைநோக்கி. நம் நாட்டிலேயே உருவானது. ஒளியைத் திரட்டும் இதன் ஆடி 2.34 மீட்டர் அகலம்! பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்த ஓர் அச்சில் இதைப் பொருத்தியிருக்கிறார்கள். பூமி சுழலும் அதே வேகத்தில், எதிர்த்திசையில் இதைத் திருப்புகிறார்கள். நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் ஆகிவிடுகிறது!

ஆனாலும் பெரிய தொலைநோக்கிகளுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, தன் எடையாலேயே தொலைநோக்கி சிறிது வளையும். மற்றொன்று, காற்று நட்சத்திர ஒளியை வளைக்கும். அடிவானத்தில் தெரியும் நட்சத்திரம், உண்மையில் இருக்கும் இடத்தைவிட ஏறத்தாழ அரைப் பாகை மேலே தெரியும். கணிப்பொறி இவற்றையெல்லாம் கணக்கிட்டுக் குறியைத் திருத்தும். பக்கத்து நட்சத்திரம் ஒன்றைக் கண்காணித்தும் விலகலைச் சரிசெய்வார்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் தெரியுமா? ஒரு பாகையை 3,600 பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கு விலகினாலே படம் கெடலாம். சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான் அது!

இன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். மேற்கு வானில் ஒரு நட்சத்திரம், சுவரின் விளிம்பில் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளையும் அதே இடத்தில் நின்று பாருங்கள். சுமார் 4 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும்! ஏனெனில், பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஆகும் நேரம் 24 மணி அல்ல. 23 மணி 56 நிமிடம்தான். காவலூர் தொலைநோக்கி ஈடுகொடுப்பதும் இந்தக் கணக்குக்குத்தான்.