ஆறு நரம்பும் மூன்று பேரும்

மூவர் என்ற அளவில் சமயம் பயின்றோர்க்குத் தேவார ஆசிரியரும், இசை பயின்றோர்க்குத் திருவாரூர் மும்மூர்த்திகளும் நினைவில் எழுவர். யான் ஈண்டுக் கூறப்புகும் மூவர் 1966ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒன்றுகூடியவர். கிற்றார் வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவர். பேஸ் கிற்றார் ஏந்திய நோயல் றெடிங்கும், றம்ஸ் முழக்கிய மிச் மிச்செலும் ஆங்கிலேயர்.

அலவத்துகொடையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், "ஐயா, இதை இரைச்சல் என்று வீட்டில் ஏசுகிறார்கள். கிற்றாரைத் தொடக் கூடாதாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவினான்.

இரைச்சல் உண்டு, மறுப்பதற்கில்லை. ஒலிபெருக்கியினின்று வெளிப்படும் ஓசை மீண்டும் நரம்பைத் தாக்கி அதிரச் செய்ய, அவ்வதிர்வு நீண்டுகொண்டே செல்லும். பலர் பழுதெனத் தவிர்க்கும் அவ்வோசையை ஹென்ட்ரிக்ஸ் தம் இசைக்கு உறுப்பாக்கினார். இடக்கைப் பழக்கமுடைய அவர், வலக்கையர்க்கான கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி, நரம்புகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். வலக்கைப் பெருவிரலைக் கருவியின் கழுத்துக்கு மேலாக வளைத்துத் தாழ்ந்த நரம்பை அழுத்துவார். எஞ்சிய விரல்கள் மேல் நரம்புகளில் மெட்டுப் பாடும். மூவர் வாசிப்பு ஐவர் வாசிப்பாகத் தோன்றுவது இதனாற்றான்.

இவ்விசைக்கு வேர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர்ப்பாட்டாகிய புளூஸ். சுரங்களுக்கிடையே நரம்பை வளைத்து நெகிழ்த்துவதில் அதன் உயிர் உள்ளது. கமகம் கேட்டுப் பழகிய செவிக்கு இஃது அயலன்று. தமிழகக் கிற்றார்க் கலைஞர் பிரசன்னா, 2006இல் ஹென்ட்ரிக்சுக்கு அஞ்சலியாகக் கர்நாடக இசைத்தொகுப்பே வெளியிட்டார்.

ஹென்ட்ரிக்ஸ் இசைக்குறி படிக்க அறியார் என்பதை ஆசிரிய நண்பர் சிலர் குறையாகக் கூறுவர். இலக்கியத்தினின்றே இலக்கணம் எடுக்கப்படும் என்று வகுப்பில் நாமே சொல்லிவிட்டு, இதனைக் குறை என்பது எங்ஙனம்? (1967இல் மேடையிற் கிற்றாருக்குத் தீயிட்டதை மட்டும் என்னாற் பாராட்ட இயலவில்லை. கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கில் வளர்ந்தவன் யான்.)

1969 ஜூனில் மூவரும் பிரிந்தனர். 1970 செப்டெம்பர் 18இல், 27ஆம் வயதில், ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் இறந்தார். அவ்வாண்டுப் பிறப்பன்று நியூயோர்க்கில், பில்லி கொக்ஸ், படி மைல்ஸ் என்னும் வேறிருவருடன், 'இயந்திரத் துப்பாக்கி' எனப் பொருள்படும் பாட்டொன்றை வாசித்திருந்தார். முன்னர்ப் படைவீரராயிருந்த அவர், அதனை வியட்நாமிற் போரிட்டோர்க்கும் உரித்தாக்கினார். ஆறு நரம்பில் வேட்டும், வானூர்தி இரைச்சலும், அழுகுரலும் எழுகின்றன. 2009 வரை போர் நிகழ்ந்த நாட்டவர் நாம். மாணவனுடன் அமர்ந்து அதனை முழுதும் கேட்டேன். முடிந்தபின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த கிழமை தந்தையாரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.