எண்ணெய்க் குழாயில் ஒடுக்கு விழுந்தால் மண்ணைப் போட்டு மூடலாமா?

நம் விவசாயிகள் பலருடைய நிலத்துக்கு அடியில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் செல்கின்றன. குழாய் பதித்தபின் மேலே நெல்லோ கடலையோ பயிரிடலாம். ஆனால் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழாய் செல்லும் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. இது பலருக்கும் தெரிந்ததே.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாம் முடிந்ததும் விவசாயி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "வாய்க்கால் தூர் வாரும்போது ஜேசிபி வாளி குழாயில் லேசாகப் பட்டுவிட்டது ஐயா. ஒழுகவில்லை, சின்ன ஒடுக்குதான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். ஏதாவது ஆகுமா?" என்று கேட்டார். நான் மண்ணும் பயிரும் படித்தவன். குழாய்ப் பொறியாளர்களிடம் விசாரித்தும், விபத்து அறிக்கைகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் பித்தளைக் குடம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். ஒடுக்கு எடுத்து மேலும் பல ஆண்டுகள் புழங்குகிறோம். குழாயின் கதை வேறு. அதற்குள் அழுத்தம் இருக்கிறது. பம்பு ஓடும்போது அழுத்தம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஏறும்போதெல்லாம் ஒடுக்கு சற்று வெளியே தள்ளும்; இறங்கும்போது உள்ளே வாங்கும். கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? முதல் பத்துத் தடவை ஒன்றும் தெரியாது, பிறகு பட்டென்று முறியும். குழாயிலும் இப்படித்தான் விரிசல் பிறக்கிறது. எரிவாயுக் குழாயைவிட எண்ணெய்க் குழாயில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம்.

வாளியின் பல் ஒடுக்கோடு நிற்பதில்லை, எஃகைச் சுரண்டியும் விடுகிறது. சுரண்டிய இடத்தில் உலோகம் குறைகிறது. எஞ்சிய மேல்தோல் கெட்டிப்பட்டு எளிதில் வெடிக்கும் தன்மை பெறுகிறது. உள்ளழுத்தம் ஒடுக்கை வெளியே தள்ளும்போது அந்தத் தோலில் நுண்ணிய விரிசல் விடும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அடித்த நேரத்தில் ஆழமாக விழுந்த ஒடுக்கை அழுத்தமே ஓரளவு நிமிர்த்திவிடுவதால், பிறகு பார்ப்பவருக்கு அது சிறியதாகத் தெரியும்.

பொறியாளர்கள் ஒடுக்கை எப்படி எடைபோடுகிறார்கள்? எண்ணெயோடு சேர்த்து ஒரு கருவியைக் குழாய்க்குள் ஓடவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதைப் 'பிக்', அதாவது பன்றி, என்றே அழைக்கிறார்கள்! அதன் விரல்கள் உட்சுவரைத் தடவிக்கொண்டே போகும். ஒடுக்கு வந்த இடத்தில் மடங்கி, ஆழத்தைப் பதிவு செய்யும். காந்தம் பொருத்திய வேறொரு கருவி உலோகம் குறைந்த இடத்தைக் காட்டும். சந்தேகமான இடத்தில், குழாயின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் தோண்டிப் பார்ப்பார்கள்.

ஆழத்தைக் குழாய் விட்டத்தில் இத்தனை சதவிகிதம் என்று கணக்கிடுவது வழக்கம். சுரண்டலோ விரிசலோ இல்லாத ஒடுக்குக்கு 6 சதவிகிதம் என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. 30 செ.மீ. விட்டமுள்ள குழாயில் இது 18 மி.மீ. தான், ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கும். அமெரிக்க எண்ணெய்க் குழாய் விதிகள் இடத்தையும் பார்க்கின்றன. குழாயின் வெட்டுமுகத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 8 மணியிலிருந்து மேலே சுற்றி 4 மணி வரையுள்ள பகுதியில் ஒடுக்கு இருந்து, அதில் சுரண்டலோ விரிசலோ சேர்ந்திருந்தால், ஆழம் எவ்வளவு குறைவானாலும் உடனடியாகக் கவனிக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் விழுந்த ஒடுக்குக்கும் கண்டிப்பு அதிகம். அடிப்பக்கத்து ஒடுக்கு பெரும்பாலும் குழாய் கல்மேல் உட்கார்ந்ததால் வருவது. கல்லே தாங்கிப் பிடிப்பதால் அது அவ்வளவாக அசைவதில்லை. மேல்பக்கத்து ஒடுக்குக்கோ மண்வெட்டும் இயந்திரமே பெரும்பாலும் காரணம். ஆகவேதான் அதன்மேல் இத்தனை சந்தேகம்.

அமெரிக்காவின் பெல்லிங்காம் நகரில் 1994இல் நடந்த கட்டுமான வேலையின்போது இயந்திரம் ஒரு பெட்ரோல் குழாயைச் சேதப்படுத்தியது. பிறகு உள்ளே ஓடிய கருவி அங்கே ஏதோ கோளாறு என்று காட்டியும் தோண்டிப் பார்க்கவில்லை. 1999 ஜூன் 10 அன்று குழாய் வெடித்து, சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஓடையில் கலந்து தீப்பிடித்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தனர்.

இன்னொன்று நம் உரத்தோடு தொடர்புடையது. கான்சாஸ் மாநிலத்தில் கிங்மன் என்ற ஊர் அருகே, 2004 அக்டோபர் 27 அன்று அம்மோனியா கொண்டு செல்லும் குழாய் வெடித்தது. ஓடையில் 25,000க்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. கனரக இயந்திரம் பட்ட சுரண்டலிலிருந்து விரிசல் வளர்ந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த அடி 1973இல் குழாய் பதித்தபோது பட்டதா, பிறகு யாரேனும் தோண்டியபோது பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டவர் யாராயினும் சொல்லவில்லை.

நம்மவர்கள் சொல்லத் தயங்குவது ஏன் என்று எனக்குத் தெரியும். வழக்கு வரும், நிலத்தைத் தோண்டிப் பயிரைப் பாழாக்குவார்கள் என்ற பயம். மேற்சொன்ன சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேண்டுமென்றே குழாயைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்கிறது. பழுது பார்க்க நிலத்தில் இறங்கும்போது ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு 10ஆம் பிரிவின்படி நட்டஈடு கோரலாம். தோண்டுமுன் பயிரைப் படம் எடுத்து, வயதையும் பரப்பையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் குழாயில் பட்டுவிட்டால், பூச்சு மட்டும் உரிந்திருந்தாலும், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மண்ணை மூட வேண்டாம். ஒடுக்கை நிமிர்த்தவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம். வாடையோ சீறும் ஓசையோ இருந்தால் இயந்திரத்தை அணைத்து, பீடி, அடுப்பு, மோட்டார் சுவிட்சு எதையும் தொடாமல், காற்று வரும் திசையை நோக்கித் தொலைவாகச் சென்றுவிடுங்கள். அங்கிருந்து, குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் அடையாளக் கம்பத்திலுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அந்த எண்ணை இன்றே குறித்து, ஜேசிபி ஓட்டுநரிடமும் கொடுத்துவையுங்கள். என்னிடம் கேட்ட விவசாயி அன்று மாலையே அந்த எண்ணுக்குப் பேசிவிட்டார்.