17.4 பிறக்கும் அறை

ஹூண்டாய் கிரெட்டா, 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். 2024-இல் வந்த இந்த மாடலுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற நம்மூர்க் கார்தான். ஆனால் அதைச் சென்னைக்குள் தினமும் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், 17.4-ஐவிடக் குறைவான ஓர் எண்ணைத்தான் சொல்வார். அப்படியானால் அந்த 17.4 எங்கிருந்து குதித்தது? அது பிறந்த அறைக்குள்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். வாருங்கள், சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே ஒரு கார் தூங்குகிறது!

ஆமாம், தூங்குகிறது. சோதனைக்கு முன் கார் குறைந்தது ஆறு மணி நேரம் இன்ஜின் அணைந்த நிலையில், 20-லிருந்து 30 டிகிரி வெப்பம் உள்ள இடத்தில் சும்மா நிற்க வேண்டும். இன்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாம் அறையின் சூட்டுக்கு இறங்கிவிட வேண்டும். காலையில் எழுந்து நாம் முதன்முதலாக ஸ்டார்ட் செய்கிற நிலைமையை அப்படியே உண்டாக்குகிறார்கள். புனேயில் 1966-இல் தொடங்கப்பட்ட ஏஆர்ஏஐ, ஹரியானாவில் மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற அமைப்புகள்தான் இந்தியாவில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகின்றன. 'ஏஆர்ஏஐ மைலேஜ்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதன் மூலம் இப்படிப்பட்ட சோதனை அறைதான்.

இப்போது முதல் அதிசயம். மைலேஜ் எடுக்கும்போது கார் ஓர் அங்குலம்கூட நகராது! அதன் சக்கரங்கள் தரையோடு பதித்த பெரிய இரும்பு உருளைகளின் மேல் நிற்கும். கார் எகிறிப் போய்விடாதபடி சங்கிலியால் கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றினால் உருளையும் சுற்றும். இந்த அமைப்புக்கு சேஸிஸ் டைனமோமீட்டர் என்று பெயர், அங்கே வேலை செய்கிறவர்கள் வாயில் அது 'டைனோ'. முன்னால் ஒரு ராட்சத ஃபேன், ரோட்டில் போனால் ரேடியேட்டரில் அடிக்கும் காற்றுக்குப் பதிலாக. பின்னால் சைலன்சரின் வாயில் ஒரு தடித்த குழாய். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒரு திரை.

அந்தத் திரையில்தான் விளையாட்டே! மேலும் கீழுமாக ஒரு கோடு ஓடும். எந்த நொடியில் கார் எவ்வளவு வேகத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும். மேனுவல் வண்டி என்றால் எப்போது எந்த கியர் என்பதும் முன்கூட்டியே முடிவான சங்கதி. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மெல்ல மெல்ல இழைத்து, தன் புள்ளியைக் கோட்டின் மேலேயே வைத்திருக்க வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் கூடலாம், 2 குறையலாம், அவ்வளவுதான் சலுகை. கோட்டை விட்டு விலகிப்போனால் அந்த ஓட்டம் செல்லாது. ரேஸ் டிரைவரின் திறமை எல்லோருக்கும் தெரியும். 1180 நொடிகள், அதாவது 19 நிமிடம் 40 நொடி, ஒரு கோட்டை விட்டு நழுவாமல் பாதத்தால் தொடர்கிற இந்தத் திறமையை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிகிறது.

அந்தக் கோடு போகிற போக்கைப் பார்த்தால் பாதி ரகசியம் விளங்கிவிடும். எம்ஐடிசி என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனையை எடுத்து இந்தியாவுக்காகத் திருத்தியது. முதலில் ஊருக்குள் ஓட்டும் பகுதி: 195 நொடித் துண்டு ஒன்று, அதுவே நான்கு தடவை. உச்ச வேகம் 50. ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் வண்டி நின்றுகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு 400 நொடிக்கு ஊருக்கு வெளியே ஓட்டும் பகுதி. ஐரோப்பாவில் இந்தப் பகுதி 120 வரை போனது, இந்தியாவில் அதை 90-இலேயே நிறுத்திவிட்டார்கள். மொத்த ஓட்டம் பத்தரைக் கிலோமீட்டர் சொச்சம்.

ஊர்ப்பகுதியில் ஓரிடத்தில் கார் பூஜ்யத்திலிருந்து 50-ஐத் தொட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் தெரியுமா? 26 நொடி! சென்னை சிக்னலில் பச்சை விழுந்ததும் 26 நொடி எடுத்துக்கொண்டு 50-ஐத் தொட்டுப் பாருங்கள், பின்னால் நிற்கிற ஆட்டோ அண்ணன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே மாட்டார். அவ்வளவு மென்மையான ஓட்டத்தில் பிறந்தது அந்த 17.4.

இனிமேல்தான் என்னைத் துள்ள வைக்கிற இடம். இந்த அறையில் பெட்ரோலை யாரும் அளப்பதே இல்லை! டேங்க்கைப் பார்ப்பதில்லை, குடுவை வைப்பதில்லை. புகையைப் பிடிக்கிறார்கள். சைலன்சரிலிருந்து வரும் புகையைச் சுத்தமான காற்றோடு கலந்து, அதில் ஒரு சிறு பங்கைப் பைகளில் சேமிக்கிறார்கள். இன்னொரு பையில் அந்த அறைக் காற்றையே தனியாகப் பிடித்து வைக்கிறார்கள், ஏனென்றால் காற்றில் ஏற்கெனவே இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டுமே! பெட்ரோலில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது முன்பே தெரியும். புகையில் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் என்று என்ன உருவத்தில் வந்தாலும் அந்தக் கார்பன் மொத்தமும் வெளியே வந்தாக வேண்டும். வந்த கார்பனை எண்ணினால் போன பெட்ரோல் தெரிந்துவிடும். இலையில் கிடக்கிற எலும்பை எண்ணி எத்தனை துண்டு மீன் சாப்பிட்டார் என்று சொல்லிவிடுகிற பாட்டியின் கணக்கு இது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பத்தரைக் கிலோமீட்டர் சொச்சத்தை 17.4-ஆல் வகுத்தால், முழுச் சோதனையிலும் எரிவது சுமார் 610 மில்லி பெட்ரோல். ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை! அதன் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அது எரிந்து வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. மிச்ச எடை காற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஆக்சிஜன். லட்சக்கணக்கான குடும்பங்கள் எதிர்பார்த்து நிற்கிற ஓர் எண், அறுநூறு மில்லி பெட்ரோலின் புகையிலிருந்து வருகிறது.

ஒரு சந்தேகம் வர வேண்டுமே? நகராத காருக்குக் காற்று எதிர்ப்பு ஏது, டயர் உராய்வு ஏது? இதற்கும் ஓர் அழகான தந்திரம் உண்டு. அறைக்கு வருவதற்கு முன்பே, சமமான நீண்ட பாதையில் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவார்கள். தானாக வேகம் குறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பார்கள். இதற்குக் 'கோஸ்ட் டவுன்' என்று பெயர். காற்றும் உராய்வும் எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கின்றன என்பது அந்த நேரத்திலிருந்து தெரிந்துவிடும். அதே இழுவையை உருளைகளுக்குள் ஏற்றினால், ரோடே அறைக்குள் வந்த மாதிரி.

இந்த ஒரு படியில் சறுக்கினால் போதும், பின்னால் வரும் எல்லாம் சறுக்கும். 2012 நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் பல மாடல்களின் மைலேஜ் எண்களைக் குறைத்துத் திருத்த வேண்டி வந்ததற்குக் காரணம் கோஸ்ட் டவுன் கணக்குத்தான். பல ஓட்டங்களின் சராசரியை எடுக்காமல் சாதகமான ஓட்டங்களை எடுத்துக்கொண்டார்கள், பின்னாலிருந்து காற்று தள்ளிய ஓட்டங்களும் அதில் சேர்ந்தன என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குற்றச்சாட்டு. 2014-இல் 10 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. முதுகில் அடித்த காற்றுக்கு அவ்வளவு விலை!

சரி, அறையை விட்டு வெளியே வருவோம். நம் ரோட்டில் இருந்து அந்த அறையில் இல்லாதவை எவை? ஏசி இல்லை. இது ஒன்றே பெரிய வித்தியாசம். கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின்தான். மே மாதம் கிண்டியில் நெரிசலில் நிற்கிற காரில் வண்டி நகராமல் ஏசி மட்டும் ஓடுகிறபோது, அந்த நிமிடங்களின் மைலேஜ் லிட்டருக்குப் பூஜ்யம். மேடு இல்லை. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் இல்லை. எஸ்யூவி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: 90-க்கு மேல் வேகமே இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்கு! உயரமான, நெஞ்சை நிமிர்த்திய காருக்கு அந்த அடி இன்னும் பலமாக விழும். திருச்சி ஹைவேயில் 110-இல் போகிறவர் 90-க்கு இறங்கினால் அடுத்த டேங்க்கிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒரே கிரெட்டாவுக்குள் ஒரு புதிர் இருக்கிறது. பெட்ரோல் மேனுவலுக்கு 17.4, ஆட்டோமேட்டிக்குக்கு 17.7. டீசலில் தலைகீழ்: மேனுவலுக்கு 21.8, ஆட்டோமேட்டிக்குக்கு 19.1. ஏன் இப்படி? பெட்ரோலில் வருவது சிவிடி வகை. அதற்குப் படிப்படியான கியர்களே கிடையாது, இன்ஜினை அது எப்போதும் சிக்கனமான சுழற்சியில் பிடித்து வைக்கும். கோட்டின் மென்மையான ஏற்ற இறக்கம் அதற்கு வெகு பொருத்தம். டீசலில் உள்ளது டார்க் கன்வர்ட்டர். நின்று நின்று கிளம்புகிறபோது அதற்குள் எண்ணெய் வழியே கொஞ்சம் விசை நழுவும், அது கணக்கில் விழுகிறது. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் 27.97 என்று சொல்லிக்கொள்வதன் வேரும் அதே கோட்டில்தான். மெதுவாக ஊர்கிறபோதும் நிற்கிறபோதும் அதன் இன்ஜின் அணைந்துவிடும். நான்கு தடவை திரும்பி வருகிற அந்த ஊர்த் துண்டு ஹைபிரிட்டுக்குக் கொண்டாட்டம். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அந்த லாபம் நிஜமாகவே கிடைக்கும். ஹைவேயிலேயே ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு கிடைக்காது.

உங்கள் காரின் எண்ணை நீங்களே எடுக்கலாம், அதற்கு டைனோ வேண்டாம். பங்க்கில் நாசில் முதல் தடவை தானாக 'கட்' ஆனதும் நிறுத்துங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் கால்வாசிக்கு இறங்கும்வரை வழக்கம்போல ஓட்டுங்கள். அதே பங்க், அதே பம்ப், அதே முதல் கட். 420 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் பிடித்தால் 14. கார்களைச் சோதிக்கும் பத்திரிகைக்காரர்கள் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, காற்றுக் குமிழிகளை விரட்டி, கழுத்துவரை நிரப்புவார்கள். அது சோதனைக்கு மட்டும். தினமும் அப்படி நிரப்பினால் டேங்க்கின் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோலே போய்விடும்.

இன்னொரு திரைமறைவுச் செய்தி, இதை எல்லோரிடமும் சொல்லுங்கள்! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிவிடும், பெட்ரோல் ஒரு சொட்டும் போகாது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடாகி உயிருக்கு ஆபத்தாகும். கியரில் இறங்குங்கள்.

எத்தனால் கதையையும் விட முடியாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்காக இன்ஜின் அமைப்பைச் சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் 6-லிருந்து 7 சதவீதம்வரை குறையலாம், இ20-க்காகச் சரிசெய்தவற்றில் 1-லிருந்து 2 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. பழைய கார் வைத்திருப்பவர் தன் குறிப்பேட்டில் காண்கிற சரிவு கற்பனை இல்லை.

ஐரோப்பா 2017-இல் பழைய கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டபிள்யூஎல்டிபி என்ற புதிய கோட்டுக்கு மாறத் தொடங்கியது. 1800 நொடி, 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. அதோடு நிற்கவில்லை! 2021 முதல் பதிவாகும் புதிய கார்களுக்குள்ளேயே எரிபொருள் கணக்கு எழுதும் மீட்டரைக் கட்டாயமாக்கினார்கள். ஆறு லட்சம் கார்களின் நிஜக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது: பெட்ரோல், டீசல் கார்கள் புதிய சோதனை சொன்னதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன. சார்ஜ் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட்டுகளில் வித்தியாசம் மூன்றரை மடங்கு!

அப்படியொரு மீட்டர் நம் கார்களுக்கும் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. கோயம்புத்தூரில் ஓடுகிற கிரெட்டாவுக்கு எவ்வளவு, சென்னையில் ஓடுகிற பிரெஸ்ஸாவுக்கு எவ்வளவு, கொடைக்கானல் ஏறி இறங்குகிற டீசலுக்கு எவ்வளவு என்று ஊர்வாரியாக, மாதவாரியாகத் தெரிந்தால் அந்தப் பட்டியலைத்தான் நான் முதலில் திறந்து படிப்பேன். விலைப் பட்டியல் அப்புறம்.